அலுவலகச் செயலிகளை நோ-கோட் முறையில் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்மில் வரும் தகவலை ஷீட்டில் ஏற்றி, அதையே டெலிகிராம் குழுவில் ஒட்டி, பிறகு வாடிக்கையாளருக்கு மெயில் தட்டும் அலுவலகங்களுக்காக இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே கடையை வைத்துக்கொள்வோம்: மாதம் 26 நாள் திறந்திருக்கும், நாளுக்கு ஏறக்குறைய 25 புகார் வரும் ஆர்ஓ வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் கடை.

நோ-கோட் ஆட்டோமேஷனில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு செயலியில் ஏதாவது நடந்தால் (அதுதான் ட்ரிகர்) இன்னொரு செயலியில் ஒரு வேலை தானாக நடக்கும் (ஆக்‌ஷன்). இரண்டுக்கும் நடுவே ஸாப்பியர், மேக், என்8என் போன்ற ஒரு கருவி உட்கார்ந்துகொண்டு, அந்தச் செயலிகளின் ஏபிஐ-யோடு (மற்ற மென்பொருள்கள் பேசுவதற்காக ஒரு செயலி திறந்து வைத்திருக்கும் வாசல்) உங்கள் சார்பில் பேசுகிறது. நிரல் எழுதத் தேவையில்லை. ஆனால் எந்த விவரம் எந்தக் கட்டத்தில் போய் விழ வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ட்ரிகரில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், “புதிதாக ஏதாவது வந்ததா?” என்று கருவியே குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்க்கும். இது போலிங். இரண்டாவது வகையில், தகவல் வந்தவுடன் அந்தச் செயலியே கருவிக்கு அனுப்பிவிடும். இது வெப்ஹுக். செலவு, தாமதம், இரட்டைப் பதிவு என்று பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த வேறுபாடுதான் விடை.

முதலில் எந்த வேலையை எடுக்கலாம்?

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடக்கும், யோசிக்க எதுவும் இல்லாத, தவறினாலும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடக்கூடிய வேலை. புகார் வந்ததும் டெக்னீஷியன் குழுவுக்குச் செய்தி போவது சரியான தொடக்கம். சம்பளம் போடுவது, ஸ்டாக்கைக் கழிப்பது, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பி அனுப்புவது ஆகியவற்றை முதலில் தொடாதீர்கள்.

கையால் செய்யும்போதே குழப்பமாக இருக்கும் வேலையைக் கருவியிடம் கொடுத்தால், அதே குழப்பம் வேகமாக நடக்கும். முதலில் அந்த வேலையை ஒரு வாரம் ஒரே முறையில் கையால் செய்து பாருங்கள். நடுவில் “இது மட்டும் வேற கேஸ்” என்று எத்தனை முறை சொன்னீர்களோ, அத்தனை ஃபில்டர்கள் (நிபந்தனை பொருந்தினால் மட்டும் அடுத்த படிக்கு விடும் தடுப்புகள்) தேவைப்படும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் ஏற்கெனவே எந்தச் செயலிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

ஸாப்பியர் கற்க எளிது. இணைக்கக்கூடிய செயலிகள் ஏராளம். எண்ணிக்கை ஏற ஏறச் செலவும் ஏறும். மேக் (முன்பு இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்தது, 2022-இல் பெயர் மாறியது) படம் வரைவது போல வட்டங்களை இணைத்துக் கட்டுவது. கிளை பிரியும் வேலைக்கு வசதி, விலையும் குறைவு. என்8என்-ஐ உங்கள் சொந்த சர்வரில் நிறுவலாம். மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அலுவலகம் முழுக்க மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்தால் பவர் ஆட்டோமேட். ஜோஹோ சிஆர்எம், ஜோஹோ புக்ஸ் என்று ஓடினால், அதே சென்னை நிறுவனத்தின் ஜோஹோ ஃப்ளோ.

எல்லாமே கூகுளுக்குள் என்றால் கருவியே தேவைப்படாமல் போகலாம். ஃபார்ம் நிரப்பியதும் ஒரு மெயில் போக வேண்டும், அவ்வளவுதான் என்றால் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் பத்து வரி போதும். அது கோட்தான், ஆனால் செலவில்லாத கோட். இலவச ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளுக்கு 100 பேருக்கு மெயில் அனுப்பலாம். நம் கடைக்கு இது தாராளம்.

இலவசத் திட்டமே போதுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒவ்வொரு கருவியும் வேறு மாதிரி எண்ணுகிறது.

ஒரு புகாருக்கு மூன்று வேலை என்று வைப்போம்: டெலிகிராம் செய்தி, வாடிக்கையாளருக்கு மெயில், ஷீட்டில் “அனுப்பியாச்சு” என்று குறிப்பது. மாதம் 25 × 26 = 650 புகார். ஸாப்பியர் வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு ஆக்‌ஷனையும் ஒரு டாஸ்க் என்று எண்ணும். ட்ரிகரும் ஃபில்டரும் கணக்கில் சேராது. 650 × 3 = 1950 டாஸ்க். இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க்தான், அதுவும் ஒரு ட்ரிகருக்கு ஓர் ஆக்‌ஷன் என்ற அளவில். ஆகவே அது முயன்று பார்ப்பதற்கு மட்டுமே.

மேக்கில் ஒரு படி ஒரு முறை ஓடினால் ஓர் எண்ணிக்கை; இலவசமாக மாதம் 1000 எண்ணிக்கை கிடைக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேக்கில் போலிங் ட்ரிகர் ஒவ்வொரு முறை போய்ப் பார்ப்பதும் ஒரு எண்ணிக்கை; புதிதாக ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினாலும் எண்ணிக்கைதான். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் மணிக்கு 4, நாளுக்கு 96, மாதத்துக்கு 2880. ஒரே ஒரு புகார்கூட வராத மாதத்திலும் பத்தாம் தேதி கடந்ததும் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அதனால்தான் “நான் ஒண்ணுமே பண்ணல, லிமிட் முடிஞ்சிருச்சு” என்ற புகார் வருகிறது.

இதற்கு இரண்டு வழி. கடை திறந்திருக்கும் 10 மணி நேரத்துக்கு மட்டும், 30 நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஷெட்யூல் வைத்தால் 20 × 26 = 520-இல் அடங்கும். அதைவிட நல்லது வெப்ஹுக்: ஜாட்ஃபார்ம் போல வெப்ஹுக் அனுப்பும் ஃபார்முக்கு மாறினால், புகார் வரும்போது மட்டுமே ஓடும், உடனேயும் ஓடும். அப்போதும் நம் கடையின் 650 × 3 இலவச எல்லையைத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

என்8என் கிளவுடில் ஒரு வொர்க்ஃப்ளோ தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுவது ஒரே எண்ணிக்கை. உள்ளே மூன்று படி இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒன்றுதான். படிகள் அதிகமுள்ள வேலைக்கு இது லாபம்.

ஒன்றைக் கட்டிக் காட்டுங்கள்: கூகுள் ஃபார்ம், ஷீட், டெலிகிராம், மெயில்.

மேக்கை வைத்துச் சொல்கிறோம். மற்றவற்றிலும் வரிசை இதுவே.

முதலில் ஃபார்ம். பெயர், ஃபோன், மெயில், முகவரி, புகார் வகை, விவரம் என்று ஆறு கேள்வி. புகார் வகை தட்டச்சு செய்வதாக இருக்கக் கூடாது, டிராப்டவுனாக வையுங்கள். ஃபோனுக்கு ரெஸ்பான்ஸ் வாலிடேஷனில் பத்து இலக்கம் மட்டும் ஏற்கும்படி விதி போடுங்கள். ஃபார்மை ஷீட்டோடு இணைத்துவிட்டு, வலதுபுறக் கடைசியில் “நிலை” என்று ஒரு நெடுவரிசை சேருங்கள்.

டெலிகிராமில் பாட்ஃபாதரை (பாட் உருவாக்கித் தரும் டெலிகிராமின் சொந்தக் கணக்கு) திறந்து புதிய பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) உருவாக்கினால் ஒரு டோக்கன் தரும். அந்த டோக்கன் கையில் இருக்கும் யாரும் உங்கள் பாட்டாகச் செய்தி அனுப்ப முடியும். எனவே குழுவில் ஒட்டாதீர்கள். பாட்டை டெக்னீஷியன் குழுவில் சேர்த்து, குழுவின் சாட் ஐடி-யை எடுங்கள். குழுவின் ஐடி கழித்தல் குறியில் தொடங்கும். அந்தக் குறியை விட்டுவிட்டு ஒட்டினால் “சாட் நாட் ஃபவுண்ட்” என்று வரும்.

இனி மேக். முதல் வட்டம் கூகுள் ஷீட்ஸ், “வாட்ச் நியூ ரோஸ்”. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும்போது “இப்போதிலிருந்து” என்பதைத் தேர்ந்தெடுங்கள். “எல்லாம்” என்று கொடுத்தால் பழைய வரிசைகள் அத்தனையும் புதிது போல ஓடி, போன வருட வாடிக்கையாளருக்கும் “உங்கள் புகார் பதிவாகிவிட்டது” என்று மெயில் போகும். அதே இடத்தில் லிமிட் என்ற எண்ணையும் பாருங்கள். ஒரு முறை ஓடும்போது எத்தனை வரிசை எடுக்கலாம் என்பது அது. தொடக்கத்தில் மிகச் சிறிய எண்ணாக இருக்கும். மழைக்காலத் திங்கள்கிழமை காலையில் பத்துப் புகார் சேர்ந்திருந்தால் மிச்சம் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். 20 என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வட்டம் டெலிகிராம். செய்தியில் புகார் எண், முகவரி, வகை, ஃபோன் இவை மட்டும். புகார் எண்ணுக்கு ஷீட்டின் வரிசை எண்ணையே பயன்படுத்தலாம். பார்ஸ் மோடை (தடித்த, சாய்ந்த எழுத்துக்கான குறிகளைப் படிக்கும் அமைப்பு) காலியாக விடுங்கள். மார்க்டவுன் என்று வைத்தால், வாடிக்கையாளர் தன் முகவரியில் ஓர் அடிக்கோட்டையோ நட்சத்திரக் குறியையோ போட்ட அன்று டெலிகிராம் 400 பிழையோடு செய்தியைத் திருப்பிவிடும். சோதனையில் இது தெரியவே தெரியாது.

மூன்றாவது மெயில். ஃபார்மில் மெயில் கட்டாயமில்லை என்றால், இதற்கு முன் “மெயில் காலியாக இல்லை” என்று ஃபில்டர் வேண்டும். ஆனால் நேர்க்கோட்டில் ஃபில்டர் போட்டால், மெயில் தராதவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் படிகளும் ஓடாது. அதனால் ரவுட்டர் போட்டு மெயிலைத் தனிக் கிளையாக்குங்கள். இன்னொரு கிளையில், அதே வரிசையின் “நிலை” கட்டத்தில் நேரத்தை எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரிசைகள்தான் பிறகு உங்களுக்கு எச்சரிக்கை மணி.

சோதிக்கும்போது மூன்று புகார் போடுங்கள்: எல்லாம் நிரப்பிய ஒன்று, மெயில் இல்லாத ஒன்று, விவரத்தில் தமிழ், எமோஜி, மேற்கோள் குறி, புதிய வரி என்று எல்லாம் கலந்த ஒன்று. மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை.

ஷீட்டில் ஃபோன் எண்ணும் தேதியும் ஏன் கெட்டுப்போகின்றன?

ஷீட் எதையும் எண்ணாகப் பார்க்க ஆசைப்படும். பூஜ்யத்தில் தொடங்கும் லேண்ட்லைன் எண்ணில் பூஜ்யம் போய்விடும். +91 என்று தொடங்கினால் கூட்டல் குறி காணாமல் போகும். நடுவில் இடைவெளியும் இருந்தால் அதை ஃபார்முலா என்று நினைத்துப் பிழை காட்டும். வங்கிக் கணக்கு எண்ணில் ஆபத்து இன்னும் பெரிது: 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் இல்லை, மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், பழைய எண்ணை மீட்கவும் முடியாது.

அந்த நெடுவரிசை முழுவதையும் முன்கூட்டியே பிளெயின் டெக்ஸ்ட் ஆக்குங்கள். மேக்கிலிருந்து ஷீட்டில் எழுதும்போது வேல்யூ இன்புட் ஆப்ஷனில் “ரா” என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளியாள் யாராவது சமக்குறியோடு ஃபார்முலா ஒன்றை வேண்டுமென்றே அனுப்பினாலும், அது ஓடாமல் எழுத்தாகவே இருக்கும் என்பது இதில் கூடுதல் பாதுகாப்பு.

தேதி 45658 போன்ற எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். 1899 டிசம்பர் 30 முதல் எண்ணிய நாள்கள் அவை. 45658 என்பது 2025 ஜனவரி 1. எடுக்கும் இடத்தில் “ஃபார்மேட்டட் வேல்யூ” என்று மாற்றினால் தேதியாகவே வரும். ஷீட்டின் லொகேலும் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) இந்தியா என்று இருக்கட்டும். அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும்.

இரவில் வந்த புகாருக்கு ஏன் முந்தைய நாள் தேதி விழுகிறது?

பல செயலிகள் நேரத்தை யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) அனுப்பும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 5-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு வந்த புகார், யூடிசி-யில் 4-ஆம் தேதி இரவு 7.30. காலை 5.30-க்கு முன் வருவதில் மட்டும் தேதி மாறும் என்பதால், பகலில் சோதித்தால் பிடிபடாது. தேதியை வடிவமைக்கும் இடத்தில் கொல்கத்தா டைம்ஸோனைக் குறிப்பிடுங்கள். சொந்த சர்வரில் என்8என் நிறுவியவர்கள் கவனிக்க: நீங்கள் மாற்றாதவரை அதன் டைம்ஸோன் நியூயார்க். காலை 9 மணிக்கு என்று வைத்த ஷெட்யூல் மாலையில் ஓடுவது இதனால்தான்.

ஒரே புகார் ஏன் இரண்டு முறை பதிவாகிறது?

மூன்று காரணங்கள் அடிக்கடி வருகின்றன. வாடிக்கையாளரே பட்டனை இரண்டு முறை அழுத்தியிருக்கலாம். வெப்ஹுக் அனுப்பும் செயலி, உரிய நேரத்தில் பதில் வராததால் மறுபடி அனுப்பியிருக்கலாம். ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்பது வெப்ஹுக்கின் இயல்பு, அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். மூன்றாவது சுழல்: “வரிசை மாறினால் ஓடு” என்று ட்ரிகர் வைத்து, கடைசியில் அதே வரிசையில் நிலையை எழுதினால், அந்த எழுத்தே அடுத்த ஓட்டத்தைக் கிளப்பும். ஒரு ராத்திரியில் மாத ஒதுக்கீடு முழுவதையும் இது தின்றுவிடும்.

எழுதும் முன் தேடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும்: ஃபார்ம் பதிலின் ஐடி, ஆர்டர் எண், பேமென்ட் ஐடி. அது ஷீட்டில் ஏற்கெனவே இருந்தால் நிறுத்திவிடுங்கள். பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். ஒரே நொடியில் இரண்டு வந்தால் இரண்டும் தேடி, இரண்டுக்கும் “இல்லை” என்று பதில் வந்து, இரண்டும் எழுதிவிடும். அதற்கு மேக்கில் சீக்வென்ஷியல் பிராசஸிங்கை இயக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓட வையுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென நின்றுவிட்டது. எங்கே பார்ப்பது?

முதலில் ஹிஸ்டரி, அதாவது கருவி வைத்திருக்கும் ஓட்டங்களின் பதிவு. எந்தப் படியில் சிவப்பு, என்ன எண் என்று பாருங்கள். 401 என்றால் அனுமதி போய்விட்டது. கணக்கை மறுபடி இணைக்க வேண்டும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஜிமெயில் இணைப்பு அறுந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 429 என்றால் குறுகிய நேரத்தில் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். கூகுள் ஷீட்ஸ் ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 முறை படிக்கத்தான் விடும், டெலிகிராம் ஒரு குழுவில் நிமிடத்துக்கு 20 செய்தி வரைதான் பாட்டை அனுமதிக்கும். நடுவே சில நொடி இடைவெளி விட்டால் தீரும்.

சிவப்பே இல்லை, ஆனால் வேலையும் நடக்கவில்லை என்றால் ஷீட்டைப் பாருங்கள். யாரோ வரிசைகளை அழித்திருப்பார்கள், அல்லது அகர வரிசைப்படி மாற்றியிருப்பார்கள், அல்லது நடுவில் ஒரு வெற்று வரிசை இருக்கும். கடைசியாகப் பார்த்த வரிசை எது என்பதை நினைவில் வைத்துத்தான் ட்ரிகர் வேலை செய்கிறது. பதில்கள் வந்து விழும் தாளில் யாரும் கைவைக்கக் கூடாது. பார்க்கவும் வரிசைப்படுத்தவும் இன்னொரு தாளில் க்வெரி ஃபார்முலா போட்டுக்கொடுங்கள். நடுவில் நெடுவரிசை செருகுவதும் கூடாது.

டெலிகிராம் குழு வளர்ந்து சூப்பர்குரூப்பாக மாறினாலும் செய்தி நிற்கும், ஏனென்றால் சாட் ஐடி மாறிவிடுகிறது. பிழைச் செய்தியிலேயே புதிய ஐடி இருக்கும். சொந்த என்8என் சரியாக வாரத்துக்கு ஒரு முறை கூகுளோடு தொடர்பை இழந்தால், கூகுள் கன்சோலில் உங்கள் ஆப் இன்னும் “டெஸ்டிங்” நிலையில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அனுமதி 7 நாள்தான்.

நின்றது எங்களுக்கே தெரியவில்லை. வாடிக்கையாளர் திட்டிய பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். இணைப்பைக் கட்ட அரை மணி நேரம். தவறினால் யாருக்கு, எத்தனை நிமிடத்தில், எந்த வழியில் தெரியும் என்பதுதான் மிச்ச வேலை முழுவதும்.

மேக்கில் ஷெட்யூலில் ஓடும் சினாரியோ (நீங்கள் கட்டிய இணைப்பு) தொடர்ந்து சில முறை தவறினால் தானாக அணைந்துவிடும். வெப்ஹுக்கில் ஓடுவது முதல் பிழையிலேயே அணையலாம். ஸாப்பியரும் பெரும்பாலான ஓட்டங்கள் தவறினால் அணைத்துவிடும். அதை அறிவிக்கும் மெயில், கணக்கைத் தொடங்கியவரின் பெட்டிக்குப் போய் விளம்பர மெயில்களுக்குக் கீழே கிடக்கும். எனவே, ஒவ்வொரு முக்கியப் படிக்கும் பிழைக் கையாளல் வையுங்கள். மேக்கில் “பிரேக்” போட்டு, முடியாத ஓட்டங்களைச் சேமிக்கும் அமைப்பை இயக்கினால், தற்காலிகத் தடங்கல்களில் அதுவே சிறிது நேரம் கழித்து முயலும்.

அதோடு, இதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு வழியில் ஒரு காவலும் வேண்டும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில், ஒரு மணி நேரத்துக்கு மேல் “நிலை” காலியாக இருக்கும் வரிசை உண்டா என்று பார்த்து, இருந்தால் மேலாளருக்கு மெயில் போடும் சிறு வேலை. காவலும் அதே மேக்கில் இருந்தால், மேக் நிற்கும்போது இரண்டும் சேர்ந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாதா? எஸ்எம்எஸ்?

முடியும். மெட்டாவின் அதிகாரபூர்வ வாட்ஸ்அப் பிசினஸ் தளம் வழியாக மட்டும். வாடிக்கையாளர் கடைசியாக உங்களுக்குச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் எதையும் எழுதலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மட்டுமே போகும். கியூஆர் ஸ்கேன் செய்து சாதாரண வாட்ஸ்அப்பை இயக்கும் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கடையின் எண்ணே முடக்கப்படக்கூடும். பத்து வருடமாக வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருக்கும் எண்ணை அந்தப் பந்தயத்தில் வைக்க வேண்டாம்.

இந்தியாவில் கடைப் பெயரில் எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு (அனுப்புபவரையும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவது) வேண்டும். அனுப்பும் வாசகம் பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும் செய்தி போய்ச் சேராது.

பணம் வந்ததும் ரசீது அனுப்பலாமா?

ரேஸர்பே போன்ற பேமென்ட் கேட்வேயின் வெப்ஹுக்கைப் பயன்படுத்தலாம். தொகை பைசாவில் வரும்: ₹500 என்பது 50000. நூறால் வகுக்க மறந்தால் ரசீது ஐம்பதாயிரத்துக்குப் போகும். வெப்ஹுக்கோடு வரும் கையொப்பத்தை (கேட்வேதான் அனுப்பியது என்று காட்டும் குறியீடு) சரிபார்ப்பது கட்டாயம். இல்லையென்றால் உங்கள் வெப்ஹுக் முகவரி தெரிந்த எவரும் “பணம் கட்டியாச்சு” என்று பொய்த் தகவல் அனுப்ப முடியும். இந்தச் சரிபார்ப்பு உங்கள் கருவியில் செய்ய முடியாததாக இருந்தால், ரசீது அனுப்பும் முன் பேமென்ட் ஐடி-யை வைத்து கேட்வேயிடமே நிலையைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நடுவில் ஏஐ படி ஒன்றைச் சேர்க்கலாமா?

விவரத்தைப் படித்து “கசிவு, சுவை, சத்தம், மற்றவை” என்று வகை பிரிக்க நன்றாகவே உதவும். அந்த நான்கில் ஒன்றை மட்டும் பதிலாகத் தரும்படி கட்டுப்படுத்துங்கள். வேறு ஏதாவது வந்தால் ஆளிடம் போகட்டும். அது எழுதும் பதிலை யாரும் படிக்காமல் வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள்.

வாடிக்கையாளர் விவரங்களுக்குப் பாதுகாப்பு?

அந்தக் கருவிகளின் ஹிஸ்டரியில் பெயர், ஃபோன், முகவரி எல்லாம் நாள்கணக்கில் கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்த விவரத்துக்குப் பொறுப்பு உங்களுடையது. கருவி விற்றவர் மேல் தள்ளிவிட முடியாது. தேவையில்லாததைக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஃபில்டர் கேட்டு வந்தவரிடம் ஆதார் எண் எதற்கு? வெப்ஹுக் முகவரியையும் பாஸ்வேர்டு போலக் காப்பாற்றுங்கள். உதவி கேட்டுப் போடும் ஸ்கிரீன்ஷாட்டில்தான் அது பெரும்பாலும் வெளியே போகிறது.

இதைக் கட்டியவர் வேலையை விட்டுப் போனால்?

அவருடைய சொந்த ஜிமெயிலில் இணைத்திருந்தால், கணக்கை மூடும் நாளில் எல்லாம் நிற்கும். தொடக்கத்திலேயே கடைப் பெயரில் ஒரு பொதுக் கணக்கு தொடங்கி, எல்லா இணைப்பையும் அதில் கொடுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் ட்ரிகர் எது, எந்த ஷீட், எந்தக் கணக்கு, நின்றால் கையால் என்ன செய்வது என்று நாலு வரி எழுதி, அச்செடுத்து மேசையில் வையுங்கள். மேக்கில் புளூபிரிண்ட்டையும் என்8என்-இல் ஜேசன் கோப்பையும் மாதம் ஒரு முறை இறக்கிச் சேமியுங்கள். அந்தக் கோப்புகளில் படிகள் மட்டும்தான் வரும், கணக்கு அனுமதிகள் வராது. புதிய இடத்தில் ஏற்றியதும் ஒவ்வொரு செயலியையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். சொந்த சர்வரில் என்8என் வைத்திருப்பவர்கள் அதன் என்கிரிப்ஷன் கீயையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அது தொலைந்தால், பேக்கப் கையில் இருந்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகளையும் டோக்கன்களையும் திறக்க முடியாது.